நாற்பத்தெட்டு அங்குல வளைவு

ஆரணி
11-2-1979

அன்புள்ள அப்பாவுக்கு சுந்தரி எழுதுவது.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. படியேற முடியாமல் கஷ்டப்படுகிறீர்களோ என்று கவலையாக இருக்கிறது.

ஒரு நல்ல சேதி. இங்கே கிளை நூலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்துவிட்டது. மார்ச் முதல் தேதி சேரவேண்டும். இருபத்தேழு வயதில் முதல் முறையாக என் பெயர் ஒரு வருகைப் பதிவேட்டில் ஏறப்போகிறது.

வீட்டிலிருந்து மூன்று பர்லாங்குதான். ஆனால் நம் சந்து கடைத்தெருவைத் தொடுவதற்கு முன்னால் ஓரிடத்தில் மூலையாக மடங்குகிறது. என் மூன்று சக்கர வண்டி அங்கே திரும்புவதில்லை. முன் சக்கரம் சுவரில் முட்டி நின்றுவிடும். யாராவது பின்பக்கத்தைத் தூக்கி, வண்டியை என்னோடு சேர்த்துத் திருப்பி வைக்கவேண்டும். எப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது அது பரவாயில்லை. தினம் இரண்டு வேளை என்றால் முடியாது, தூக்குகிறவர்களுக்கும் வயதாகிறது. யார் கையும் படாமல் அந்த வளைவைத் தாண்ட முடிந்தால்தான் இந்த வேலை எனக்கு நிலைக்கும்.

நீங்கள் ஆயுசு முழுக்க வண்டிகளைத் திருப்பியவர். ஒருமுறை வந்து அந்த இடத்தைப் பார்க்கக்கூடாதா? உங்களைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது.

உங்கள் மகள்,
சுந்தரி


காளிகாட், கல்கத்தா
19-2-1979

செல்வி சுந்தரிக்கு ஆசி.

நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்காலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் வண்டியைச் செய்தவன் சைக்கிளுக்கு ஒரு சக்கரம் கூட்டிவிட்டால் ஊனமுற்றோர் வண்டி என்று நினைத்தவன். உங்களூரில் மட்டுமல்ல, தேசம் முழுக்க அப்படித்தான். இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே இருசில் கட்டியிருப்பான். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சாண் தூரம் போனால் வெளிப்பக்கச் சக்கரம் முழத் தூரம் போகவேண்டும். ஒரே இருசில் மாட்டியவை அப்படிப் போகமுடியாது, ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். முன் சக்கரமோ கால்பலகையில் இடித்துக்கொண்டு பாதி கோணம்கூடத் திரும்பியிருக்காது. பிறகு எப்படி மூலை மடங்கும்?

சந்தின் அகலம், மடங்குகிற இடத்தில் அகலம், இப்போதைய வண்டியின் நீள அகலம், உட்கார்ந்த நிலையில் உன் கை எட்டும் தூரம், எல்லாவற்றையும் அங்குலக் கணக்கில் எழுது. குத்துமதிப்பு எனக்கு வேண்டாம்.

நேரில் வருவதைப் பற்றி மறுபடி எழுதாதே. உன் தாயைக் கிடத்தியிருந்த கூடத்தில், ஊரார் முன்னிலையில், அந்த வீட்டுக்காரன், உன் தாயின் உடன்பிறந்தவன், என்னைப் பார்த்துச் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "வண்டிச் சக்கரத்தைப் பாத்த நேரத்துல பத்துல ஒரு பங்கு கொழந்த காலைப் பாத்திருக்கலாம்." உனக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் நான் ஊரில் இல்லையாம். சாந்த்ராகாச்சி என்ன சீமையா? ஹௌராவிலிருந்து இருபது நிமிட ரயில். யார்டில் புது இழுவை வண்டியின் சோதனை ஓட்டத்தில் நின்றிருந்தேன். உன் தாய் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தால் போட்டது போட்டபடி வந்திருப்பேன். அவன் வாசற்படியை நான் மிதிக்கமாட்டேன்.

அவன் பெயர் உன் கடிதத்தில் வரக்கூடாது. வந்தால் அதற்கு மேல் படிக்கமாட்டேன். அந்த விலாசத்திலிருந்து உன் கையெழுத்தில்லாமல் வரும் உறைகளை நான் பிரிப்பதுமில்லை. அப்படிப் பதினான்கு என் பெட்டியில் கிடக்கின்றன.

அளவுகளை உடனே அனுப்பு.

சி. வேதாச்சலம்


ஆரணி
27-2-1979

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் எட்டே நாளில் வந்தது. ஐந்து வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. இரண்டு முறை படித்தேன். இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம் என்று எழுதினால் அதில் யார் பெயரும் வராது அல்லவா?

அத்தை ரவிக்கை அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் வண்டியில் உட்கார்ந்து ஒரு நுனியைப் பிடித்தேன். முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஏழுமலை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, சந்தை வெலை பேசப் போறீங்களா?" என்றார். "பாதி சந்துதான் பேரத்துக்கு வந்திருக்கு, மீதி உன் கடைக்கு அடியில இருக்கு" என்றார்கள் அத்தை.

சந்து ஐம்பத்தாறு அங்குலம். மடங்குகிற இடத்தில் உள்மூலைச் சுவரை மாட்டு வண்டி இடிக்காமல் இருக்க ஒரு காவல்கல் நட்டிருக்கிறார்கள். அதனால் அங்கே நாற்பத்தெட்டு அங்குலம்தான். வண்டி எழுபது அங்குல நீளம், முப்பத்துமூன்று அகலம். என் கை முன்பக்கம் இருபத்துநாலு அங்குலம் எட்டும். கைக்கு வலு உண்டு. இருபத்துமூன்று வருஷமாகக் கால் வேலையையும் அதுதான் செய்கிறது.

நாளை மறுநாள் வேலையில் சேர்கிறேன். அதுவரை தூக்குகிறவர்கள் தூக்குவார்கள்.

நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள்? பழைய மெஸ்தானா? எழுதுங்கள்.

சுந்தரி


காளிகாட்
22-4-1979

சுந்தரிக்கு,

உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது. வெயிலும் மின்வெட்டும் சேர்ந்தால் இந்த ஊரில் யாருக்கும் வேறு மாதிரி இருக்காது. பாதாள ரயிலுக்கென்று தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். டிராம் வரை பலகைமேல் நடந்து போகவேண்டியிருக்கிறது.

வண்டி முடிந்தது. லாரியில் ஏற்றிவிட்டேன். இரண்டு வாரத்தில் வந்து சேரும்.

பழைய வண்டியைத் தலைகீழாக யோசித்தேன். பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால், உன் இரு பக்கத்திலும். பின்னால் ஒரே ஒரு சின்னச் சக்கரம். ஆஸ்பத்திரிக் கட்டில் சக்கரம் போல அது எந்தப் பக்கமும் தானாகச் சுழலும். கைப்பிடிச் சக்கரமும் இல்லை, சங்கிலியை இழுத்துச் சுற்றுவதும் இல்லை. வலது கையில் ஒரு நெம்புகோல், இடது கையில் ஒன்று. ஒவ்வொன்றும் தன் பக்கத்துச் சக்கரத்தை மட்டும் தள்ளும். இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் நேராகப் போகும். இடது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது கோலை மட்டும் தள்ளினால், இடது சக்கரம் ஊன்றிக்கொள்ள, வண்டி அதைச் சுற்றித் திரும்பும். அப்போது அதற்கு வேண்டிய இடம் நாற்பது அங்குலம். உன் வளைவில் நாற்பத்தெட்டு இருக்கிறது. கால்பலகையையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன்.

இங்கே நிமாய் என்று ஒரு வெல்டிங் மிஸ்திரி. கோயில் சந்துக்குப் பின்னால் பட்டறை. கை சுத்தம், வாய் சுத்தமில்லை. சோதனைக்கு நானே உட்கார்ந்தேன். பழக்கத்தில் காலை ஊன்றிவிடக்கூடாது என்று இரண்டு காலையும் ஒரு கம்சாத் துண்டால் கட்டிக்கொண்டேன். எங்கள் சந்திலும் ஒரு மூலை இருக்கிறது. வீட்டுக்காரி, மாஷிமா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், மாடியிலிருந்து பார்த்து, "ஓ மா! எல்லாரும் வாங்க, வேதா பாபு தேர் ஏறிட்டார்!" என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. நிமாய் மட்டும் சிரிக்கவில்லை. "தாதா, ஒரு கையை மறந்தா வண்டி சாமியைச் சுத்துற மாதிரி அங்கேயே சுத்துது. பொண்ணுகிட்ட ரெண்டு கையும் ஒரே மனசா இருக்கணும்னு எழுதிடுங்க" என்றான். எழுதிவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு முன்பே ரயில்வே நடைமேடை வண்டிக்கு நான் போட்ட ஏற்பாடு இது. அந்த வரைபடத்தில் இன்று சிவராமகிருஷ்ணன் என்று கையெழுத்து இருக்கிறது. எனக்குப் பின் வேலைக்கு வந்தவன், பென்சில் சீவத் தெரியாதவன், எனக்கு மேலதிகாரியாக ஓய்வு பெற்றான். உன் வண்டியின் சட்டத்தில் என் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறேன். இருக்கைக்கு அடியில் இருக்கிறது.

வளைவில் திரும்பியதா என்று மட்டும் எழுது.

சி. வேதாச்சலம்


ஆரணி
20-5-1979

அன்புள்ள அப்பாவுக்கு,

திரும்பியது. நான் நலம். வண்டி நலம். காவல்கல்லும் நலம்.

மூட்டையைப் பிரித்தபோது ஏழுமலை சுற்றிச் சுற்றி வந்தார். "இதுக்கு மொகம் எது, முதுகு எது?" என்றார். அத்தை, "ரெண்டு கையாலயும் துடுப்பு போடுறாப்ல இருக்குடி, ஆத்துல எறக்கிடப் போறாங்க" என்றார்கள். முதல் நாள் நான் வாசலிலேயே மூன்று வட்டம் போட்டேன். நிமாய் சொன்னது சரிதான், என் இரண்டு கைக்கும் ஒரே மனசு வர ஒரு வாரம் ஆயிற்று. பிறகு திங்கட்கிழமை காலை வளைவுக்குப் போனேன். பின்னாலேயே இரண்டு பேர் தூக்கத் தயாராக வந்தார்கள். இடது பிரேக், வலது கோல். கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை இடைவெளி விட்டுத் திரும்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டு பேரும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அதில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் என்று எழுதமாட்டேன்.

நீங்கள் கால்களைக் கட்டிக்கொண்டு ஓட்டியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அது எனக்கு வண்டியைவிடப் பெரிதாக இருக்கிறது.

உங்கள் சந்து மூலை எப்படி இருக்கும்? கோயில் மணி கேட்குமா? நான் பிறந்த ஊர், சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டதால் எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. எழுதுங்கள்.

சுந்தரி


ஆரணி
9-7-1979

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் மே மாதக் கடிதம் கிடைத்ததா?

அத்தை அனுப்பிய உறை ஜூன் கடைசியில் உங்களுக்கு வந்திருக்கும். நீங்கள் சொன்னபடி நான் பெயர் எழுதவில்லை. என்ன என்று உங்களுக்கே தெரியும். ஒரு மாதமாக வீட்டில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தது. இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். அத்தை பேசுவதில்லை, நானும் அத்தையும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

நூலகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போகாவிட்டால் பகல் நகராது.

ஒரு நாள் வந்துவிட்டுப் போங்கள் அப்பா. இப்போது வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வரமுடியாவிட்டால் இரண்டு வரி எழுதுங்கள். அத்தை தினமும் தபால்காரரைக் கேட்கிறார்கள்.

சுந்தரி


ஆரணி
20-9-1979

அப்பாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பிறகு வண்டி வளைவில் திரும்பவில்லை. பின் சக்கரம் கல்லில் தட்டுகிறது.

சுந்தரி


காளிகாட்
26-9-1979

சுந்தரிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். வண்டியில்தான் ஏதோ கோளாறு.

தட்டமுடியாது. நான் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் மழைக்குப் பிறகு என்கிறாயே, அதை யோசிக்கவேண்டியிருக்கிறது. மூன்று காரணம் இருக்கலாம். சின்னச் சக்கரத்தை மேலே தாங்கிச் சுழலவிடும் குத்தச்சில் துரு ஏறி, தானாகச் சுழலாமல் இழுபடுகிறதா? இடது பிரேக் கட்டை ஈரத்தில் ஊறி வழுக்குகிறதா? அப்படியானால் உள்சக்கரம் ஊன்றாமல் நகரும், வட்டம் பெரிதாகிவிடும். அல்லது மண் அரித்துக் கல்லே சந்துக்குள் சாய்ந்துவிட்டதா? மூன்றையும் தனித்தனியே பார்த்து எழுது. தட்டுவது வலது பக்கம் திரும்பும்போதா, இடது பக்கமா, போகும்போதா, வரும்போதா?

நிமாயைத் தேடிப் போனேன். பந்தலுக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். இங்கே துர்கா பூஜை தொடங்குகிறது, ஒரு வாரத்துக்கு எவனும் வேலை செய்யமாட்டான். முதலில் வெள்ளோட்டத்துக்குச் செய்த சட்டம் இன்னும் அவன் பட்டறையில் கிடக்கிறது. அதைத் தூசி தட்டி இறக்க வைத்தேன். "தாதா, பூஜை நேரத்துல தேவியே சிங்கத்தைவிட்டு எறங்கி நிக்கிறா. நீங்க வண்டி ஏறுறீங்க" என்றான். ஏறினேன். நீ சொன்னபடி தட்டுகிறதா என்று இருபது முறை திருப்பிப் பார்த்தேன்.

மெஸ்ஸிலும் இதையே பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. பட்டாபி என்று ஒரு பாங்க்காரர், என் எதிர் இலை, சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஓய் வேதாச்சலம், நீர் வாயைத் திறந்து நாலு மாசமாச்சு. ரசம் கேக்கறதுக்குக்கூட டம்ளரைத்தான் காட்டுவீர். இப்ப என்ன ஆச்சு?" என்றார். அவர் தமிழை நான் சகித்துக்கொள்வதே பெரிது. இருந்தாலும் குத்தச்சு என்றால் என்ன என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

தபால் ஆபீஸ் மூடுவதற்குள் இதைப் போடவேண்டும். உடனே எழுது.

சி. வேதாச்சலம்


ஆரணி
8-10-1979

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஏழாம் நாள் வந்துவிட்டது. இரண்டு பக்கம். முழங்கால் வலியோடு இருபது முறை திரும்பினீர்களா? அது எனக்குத் தெரிந்திருந்தால்... சரி, உடம்பை வருத்தாதீர்கள்.

குத்தச்சுக்கு எண்ணெய் போட்டாயிற்று. பிரேக் காய்ந்துதான் இருக்கிறது. கல் சாய்ந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டேப்பில் அளந்து எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் உறைக்குள் இந்தக் கயிற்றை வைத்திருக்கிறேன். முதல் முடிச்சு வீட்டுப் பக்கச் சுவர். இரண்டாவது காவல்கல். மூன்றாவது எதிர்ச்சுவர். நாலாவது கடைத்தெருப் பக்கம். முடிச்சுப் போட்டது நான், மறுமுனையைப் பிடித்தது அத்தை. அத்தை இப்போது சந்து வரை வருகிறார்கள். ஏழுமலையோடு இரண்டு வார்த்தை சண்டையும் போடுகிறார்கள். "கயிறு எதுக்கும்மா, கொடி கட்டப் போறீங்களா?" என்றார் அவர். "ஒன் கடைய இழுத்துக் கட்டத்தான்" என்றார்கள். நாலு மாதத்தில் அத்தை பேசிய முதல் கிண்டல் அது.

நூலகத்தில் ஒரு கிழவர் தினமும் வந்து ஒரே புத்தகத்தைக் கேட்கிறார், பத்துப் பக்கம் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார். வீட்டுக்கு எடுத்துப்போங்களேன் என்றேன். "எடுத்துப்போனா நாளைக்கு இங்க வர்றதுக்கு எனக்கு என்ன சாக்கு?" என்றார். நான் அதற்குப் பிறகு அவரிடம் சொல்வதில்லை.

தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்?

சுந்தரி


காளிகாட்
18-10-1979

சுந்தரிக்கு,

நலம். நீயும் அப்படியே என்று கொள்கிறேன்.

கயிறு வந்தது. நிமாயின் பட்டறைத் தரையில் முடிச்சுக்கு முடிச்சு விரித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கல் இருக்கும் இடத்தில் ஒரு செங்கல்லை நட்டேன். பழைய சட்டத்தில் உட்கார்ந்து திருப்பினேன். இடமும் வலமும், போகவும் வரவும். எல்லா முறையும் செங்கல்லுக்கும் சக்கரத்துக்கும் இடையே எட்டு அங்குலம் மிச்சம். நிமாய் அந்த இடைவெளியில் தன் பீடிக்கட்டை வைத்துக் காட்டினான். வண்டி அதைக்கூடத் தொடவில்லை.

ஆகவே கயிற்றில் பிழை. நீ ஈரக் கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கிறாய், அது காய்ந்து நீண்டிருக்கிறது. அல்லது உன் அத்தை தளர்த்திப் பிடித்திருக்கிறாள். முப்பது வருஷம் நான் இப்படிப்பட்டவர்களோடுதான் வேலை செய்தேன். அளவு கொடுக்கத் தெரியாதவர்கள், வரைபடம் தவறு என்று சொல்வதில் மட்டும் முந்திக்கொள்வார்கள்.

ஒன்று கேட்கிறேன். தட்டுகிறது என்றால் சக்கரத்தில் அடையாளம் இருக்கும், கல்லிலும் இருக்கும். தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில், எந்தப் பக்கம்? அதை எழுதினால் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவேன்.

சி. வேதாச்சலம்


ஆரணி
14-11-1979

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு, சந்து முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஏழுமலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே கடவுள் புண்ணியத்தில் இருக்கிறோம். தாங்களும் அவ்வாறே இருக்கவேண்டும். லாரி ரசீதில் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன். தவறானால் மன்னிக்கவும்.

நெசவுக்காரத் தெருவில் இராஜமாணிக்கம் என்று ஒருவர். தறியில் உட்கார்ந்திருந்தவர், இப்போது இரண்டு காலும் விளங்கவில்லை. நம் சுந்தரி அம்மா வண்டியைப் பார்த்ததிலிருந்து அதுபோல் ஒன்று செய்து கொடு என்று என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் பார்த்துப் பார்த்து ஒன்று பண்ணினேன், அது நண்டு மாதிரி ஒருபக்கமாகவே போகிறது. தாங்கள் வரைபடத்தின் நகல் ஒன்று அனுப்பினால் உபகாரமாக இருக்கும். அம்மாவிடம் கேட்டால், அப்பாவுக்கு இப்போது வேலை அதிகம், பிறகு கேட்கிறேன் என்று தள்ளிப் போடுகிறார்கள். அதனால் இந்தக் கடிதம் பற்றி அவர்களுக்குச் சொல்லவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும் ஐயா. மே மாதத்திலிருந்து இன்று காலை வரை என் கடை வாசலில்தான் அம்மா திரும்புகிறார்கள். மழையிலும் சேற்றிலும் ஒரு நாள்கூட நின்றதில்லை, ஒரு முறைகூடக் கல்லில் உரசியதில்லை. நான் பெயின்ட் அடித்துக் கொடுக்கட்டுமா என்று பார்த்தேன், அடிக்க ஒரு கீறல் இல்லை.

இதற்கு முன் வருஷக்கணக்காக வண்டியைத் தூக்கித் திருப்பியவர் அம்மாவின் மாமா, பெரியவர் சௌந்தரராஜன் ஐயாதான். நான் வருகிறேன் என்றாலும் விடமாட்டார். நெஞ்சு வலி வந்து, டாக்டர் கூடாது என்று சொன்ன பிறகும், ஒரு கை நான் பிடிக்க, ஒரு கை அவர் பிடிப்பார். வண்டி தானாகத் திரும்பிய அன்று, "மச்சான் செஞ்சது, நிக்குமா?" என்று கடைக்காரர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த மாதம் பத்தாம் தேதி தவறிவிட்டார். கருமாதிப் பத்திரிகையில் தங்கள் விலாசத்தை எழுதி ஒட்டியவன் நான்தான். தங்களால் வரமுடியவில்லை போலும்.

வரைபடத்தை எதிர்பார்க்கும்,
ஏழுமலை


காளிகாட்
9-12-1979

சுந்தரிக்கு,

இங்கே குளிர் வந்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, படியேறும்போது அதிகம். நீ எப்படி இருக்கிறாய், உன் அத்தை எப்படி இருக்கிறாள் என்று எழுது.

ஜூனில் வந்த உறையைப் போன வாரம்தான் பிரித்தேன். மற்ற பதினான்கோடு பதினைந்தாவதாக அதையும் போட்டு வைத்திருந்தேன். ஜூலையில் நீ அதைப் பற்றி எழுதினாய். பெயர் இல்லாததால் எனக்கு விளங்கவில்லை. வீட்டில் ஏதோ விசேஷம், சமாதானம் பேசக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். தெரிந்துதான் பேசாமல் இருக்கிறேன் என்று நீயும் அத்தையும் இத்தனை மாதம் நினைத்திருப்பீர்கள். தெரிந்திருந்தால் வந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அதற்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

மற்ற பதினான்கையும் பிரித்தேன். ஒன்றில்கூடச் சண்டை இல்லை. உன் ஆபரேஷன் தேதி, காலுக்குப் புது இரும்புச் சட்டம் போட்டது, நீ பரீட்சையில் தேறியது, உனக்கு மஞ்சள் காமாலை வந்து போனது. ஒவ்வொன்றிலும் கடைசியில், மச்சான் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாந்த்ராகாச்சிக்கு உன் தாய் சேதி அனுப்பவில்லை என்று பிப்ரவரியில் எழுதினேன். அனுப்பினாள். முதல் நாளே வந்தது. சோதனை ஓட்டம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். உன் மாமாவுக்கு இது தெரியும். ஊரார் முன் அன்று அவ்வளவு பேசியவர், இதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

அத்தையிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

வளைவு விஷயம். கயிற்றை மறுபடியும் விரித்துப் பார்த்தேன். கயிற்றில் பிழையில்லை, உன் அத்தை சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். பிழை என் கணக்கில். நாற்பது அங்குலம் என்று எழுதினேன் அல்லவா, அது தவறு. எங்கே தவறினேன் என்று இங்கிருந்து சொல்லமுடியவில்லை. நீ எழுதியதுதான் சரி, அந்த வண்டி அங்கே திரும்பாது. அடையாளம் எத்தனை அங்குல உயரத்தில் என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதில் வேண்டாம். முப்பது வருஷத்தில் என் வரைபடம் தவறு என்று நான் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. சிவராமகிருஷ்ணன் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்.

இந்த மாதிரிக் கோளாறைத் தபாலில் சரிசெய்ய முடியாது. இடத்தைப் பார்க்கவேண்டும். ஜனவரி மூன்றாம் தேதி மெயிலில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்தாம் தேதி பிற்பகல் ஆரணியில் இருப்பேன். வாசலில் நின்று கூப்பிடுகிறேன். அத்தை உள்ளே வரச்சொன்னால் வருகிறேன், இல்லையென்றால் ஏழுமலை கடையில் உட்கார்ந்துகொள்கிறேன். வேலை ஒரு நாளில் முடியும் என்று தோன்றவில்லை. மெஸ்ஸில் ஒரு மாதத்துக்கு எனக்கு இலை போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை வண்டியில் யாரையும் கைவைக்க விடாதே.

சி. வேதாச்சலம்